இரண்டாவது பெயர் யாருடையது?

ஆண் குழந்தை பிறந்த வீட்டில் திருமுழுக்கு நாள் நெருங்க நெருங்க ஒரு சின்னச் சச்சரவு தலைகாட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். கூப்பிடும் பெயர் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். அதோடு சேர்க்க வேண்டிய இரண்டாவது பெயரில்தான் சிக்கல். தாத்தாவின் பெயர் வர வேண்டும் என்பார் அப்பத்தா. பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயரை விடக்கூடாது என்பார் தாய்மாமன். ஞானத்தந்தையாக நிற்கச் சம்மதித்தவர் வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டார், ஆனால் அவர் முகம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளையைப் பெற்றவளோ இரண்டு பெயரையும் சேர்த்து நாலைந்து முறை உரக்கச் சொல்லிப் பார்த்து, ஓசை இடிக்கிறதே என்று கவலைப்படுவாள். பங்கு அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்போது, வாசலில் நின்று கைப்பேசியில் இன்னமும் பேசிக்கொண்டிருக்கும் தகப்பன்மாரும் உண்டு.

இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. உலகம் அறிந்த ஓர் இசைமேதையின் வீட்டிலும் நடந்தது. அவருடைய சொந்தப் பெயரிலும் நடந்தது, அவர் தம் பிள்ளைக்குப் பெயர் வைத்த நாளிலும் நடந்தது. வொல்ஃப்காங் அமதேயுஸ் மோட்சார்ட் என்று நாம் சொல்லும் அந்த மனிதரின் வாழ்வை இன்று பெயர்களின் வழியாக நினைத்துப் பார்ப்போம். அவருடைய இசையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். திருமுழுக்குப் பதிவேட்டின் ஒரு வரியிலிருந்து தொடங்குவோர் குறைவு.

1756-ஆம் ஆண்டு ஜனவரி 27, இரவு எட்டு மணி. சால்ஸ்பர்க் நகரில் கெட்ரைடெகாஸே என்னும் தெருவில் 9-ஆம் எண் வீட்டின் மூன்றாம் மாடியில் அந்தக் குழந்தை பிறந்தது. அன்று அந்த நகரை ஆண்டவரும் பேராயர், ஆன்மீகத் தலைவரும் பேராயர். குழந்தையின் தந்தை லியோபோல்ட் அந்தப் பேராயரின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். ஆக்ஸ்பர்க் நகரில் புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, படிக்க வந்த ஊரில் இசைக்காரராகத் தங்கிவிட்டவர். தாய் அன்னா மரியா, சால்ஸ்பர்க்கை அடுத்த செயின்ட் கில்கன் என்னும் ஏரிக்கரை ஊரில் கிறிஸ்து பிறப்பு விழா நாளில் பிறந்தவர்.

அவர்களுக்கு இது ஏழாவது குழந்தை. முன்பு பிறந்த ஆறு பேரில் ஒரே ஒரு பெண் மட்டும் உயிரோடிருந்தாள். நன்னர்ல் என்று செல்லமாக அழைக்கப்பட்ட அவளுக்கு அப்போது நான்கரை வயது. மற்ற ஐவரையும் அடக்கம் செய்தாயிற்று. இந்த முறை தாயின் நிலையும் மோசமாகவே இருந்தது. நஞ்சுக்கொடி தானாக வெளிவராததால் அதை எடுக்க வேண்டியதாயிற்று, மிகவும் தளர்ந்துபோனார் என்று லியோபோல்ட் பின்னர் நண்பருக்கு எழுதியிருக்கிறார். ஆகவே மறுநாள் காலையிலேயே குழந்தையைப் பேராலயத்திற்குத் தூக்கிச் சென்றதில் வியப்பில்லை. பத்தரை மணிக்குத் திருமுழுக்கு நடந்தது. பதிவேட்டில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட பெயர் இது: யோவான்னெஸ் கிறிசோஸ்தோமுஸ் வொல்ஃப்காங்குஸ் தெயோபிலுஸ்.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளைக்கு எத்தனை நீளம்! ஆனால் இதில் ஒரு சொல்கூட ஓசைக்காகவோ அழகுக்காகவோ சேர்க்கப்பட்டதல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார்.

முதல் இரண்டு சொற்களும் உண்மையில் ஒரே பெயர்தான். பொன்வாயர் என்று நாம் சொல்லும் மறைவல்லுநரான புனித யோவான் கிறிசோஸ்தோம். இன்று நாம் அவரை செப்டம்பர் 13-இல் நினைவுகூருகிறோம். பழைய நாள்காட்டியில் அவருடைய திருநாள் ஜனவரி 27. ஆகவே இந்தப் பெயரைக் கொடுத்தது பிறந்த நாள். மூன்றாவதான வொல்ஃப்காங், தாய்வழித் தாத்தாவின் பெயர். வொல்ஃப்காங் நிக்கோலாஸ் பெர்ட்ல் என்ற அவர், தம் மகளுக்கு நான்கு வயதுகூட நிரம்பாத 1724-இல் கடன்களை விட்டுவிட்டு இறந்துபோனவர். அன்னா மரியா பிறந்த ஊரின் ஏரிக்கே வொல்ஃப்காங் ஏரி என்றுதான் பெயர். அதன் கரையில் புனித வொல்ஃப்காங்கின் திருத்தலம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ரேகன்ஸ்பர்க் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த புனிதர் அவர். நான்காவதான தெயோபிலுஸ், ஞானத்தந்தையின் பெயர். யோவான்னெஸ் தெயோபிலுஸ் பெர்க்மையர் என்ற நகர வணிகர்தான் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர்.

தாத்தா, நாளின் புனிதர், ஞானத்தந்தை ஆகிய மூவருமே இடம் பெற்றுவிட்டார்கள். நம் வீடுகளில் சண்டையாக முடிவதை அவர்கள் நீளமான ஒரு வரியாக முடித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். வீட்டில் கூப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டது மூன்றாவது பெயரை. கடன்காரராக இறந்துபோன தாத்தாவின் பெயரை ஏன் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு எழுத்தில் காரணம் இல்லை. தகப்பன் முகத்தைச் சரியாக அறியாத ஒரு மகளுக்கு, தன் பிள்ளையை நாள் முழுக்க அந்தப் பெயரால் கூப்பிடுவது என்னவாக இருந்திருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே திருச்சபையின் நடைமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, பெற்றோர் விரும்பும் பெயர் கிறிஸ்தவப் பெயராக இல்லாதபோது பங்குத்தந்தை ஒரு புனிதரின் பெயரை அதனுடன் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. நம் பாட்டனார்களில் பலருக்கு வீட்டில் ஒரு பெயரும் பதிவேட்டில் ஒரு பெயரும் இருந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. 1983-இன் சட்டத்தொகுப்பு இதைத் தளர்த்திவிட்டது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் சூட்டப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது. எனவே இரண்டாவது பெயர் இன்று கட்டாயம் அல்ல. இருந்தாலும் நாம் அதை விடுவதில்லை. அந்த இடத்தில்தான் யாரையாவது நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறது.

மோட்சார்ட்டுக்குத் திரும்புவோம். தெயோபிலுஸ் என்ற கிரேக்கப் பெயரை நாம் நற்செய்தி நூலிலிருந்தே அறிவோம். புனித லூக்கா தம் நற்செய்தியையும் திருத்தூதர் பணிகளையும் தியோபில் என்பவருக்குத்தான் எழுதினார். கடவுளை அன்பு செய்பவர், கடவுளின் அன்புக்குரியவர் என்று இரண்டு விதமாகவும் அதற்குப் பொருள் சொல்வார்கள். இதே பெயர் ஜெர்மன் மொழியில் கொட்லீப் ஆகும், இலத்தீனில் அமதேயுஸ் ஆகும். குழந்தை பிறந்த பதின்மூன்றாம் நாள், அதாவது பிப்ரவரி 9 அன்று, லியோபோல்ட் ஆக்ஸ்பர்க்கில் தம் வயலின் பாடநூலை அச்சிட்டுக்கொண்டிருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மகனின் பெயரைச் சொல்லும்போதே தெயோபிலுஸ் போய் கொட்லீப் வந்துவிட்டது. அமதேயுஸ் என்ற சொல்லும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. 1752 நவம்பரில் பிறந்து மூன்று மாதத்தில் இறந்துபோன ஓர் அண்ணன் இருந்தான், அவன் பெயர் யோஹான் கார்ல் அமதேயுஸ்.

சிறுவனின் இசைத்திறமை பற்றிய கதைகள் பலருக்கும் தெரிந்தவை, அவற்றை இங்கே விரிக்கவில்லை. ஆறு வயதில் மியூனிக், வியன்னா. ஏழு வயதில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் பாரிஸ், இலண்டன், ஹாலந்து என்று குடும்பத்தோடு குதிரைவண்டிப் பயணம். 1764-இல் பாரிஸில் அச்சான அவருடைய முதல் படைப்புகளின் முகப்பில், ஏழு வயது என்ற குறிப்போடு, ஜே. ஜி. வொல்ஃப்காங் மோட்சார்ட் என்று இருந்தது. யோஹான் கொட்லீப் என்பதன் முதலெழுத்துகள் அவை. கிறிசோஸ்தோமுக்கு அங்கே இடமில்லை. பிறந்த நாள் கொடுத்த பெயர்தான் முதலில் உதிர்ந்தது.

1769 டிசம்பரில் தகப்பனும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். 1770 புனித வாரத்தில் உரோமையில் சிஸ்டைன் ஆலயத்தில் பாடப்பட்ட அல்லேக்ரியின் இரக்கப் பாடலைக் கேட்டுவந்து நினைவிலிருந்தே எழுதினார் என்பது அந்தப் பயணத்தில்தான். திருத்தந்தை 14-ஆம் கிளமென்ட் அவருக்குப் பொற்குதிமுள் என்னும் வீரர் பட்டம் வழங்கியதும் அதே ஆண்டு ஜூலையில்தான். வயது 14. அந்த ஊரார் வாயில் கொட்லீப் நுழையவில்லை போலும். வொல்ஃப்காங்கோ அமதேயோ என்று அங்கே ஆனார். ஊர் திரும்பிய பிறகும் அந்த மெல்லோசை அவரைவிட்டுப் போகவில்லை. 1777 வாக்கில் அதைச் சற்று மாற்றி அமதே என்று ஆக்கிக்கொண்டார். கடைசிவரை அவர் கையெழுத்திட்டது பெரும்பாலும் வொல்ஃப்காங் அமதே மோட்சார்ட் என்றுதான்.

ஏன் இப்படி மாற்றினார் என்று அவர் எங்கும் விளக்கவில்லை. வொல்ஃப்காங் என்பது உடையும் கல்லைப் போல ஒலிக்கும் பெயர். அதன் முதல் பாதிக்கு ஓநாய் என்று பொருள். அடுத்து இன்னொரு கனமான ஜெர்மன் பெயர் வந்தால் நாக்கு தடுக்கும். அதற்குப் பின்னால் அமதே என்று சொல்லிப் பார்த்தால் மூச்சு எளிதாக இறங்குகிறது. இசைக்காரரின் காது இதைக் கேட்டிருக்கும் என்பது எங்கள் ஊகம், அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் ஞானத்தந்தையின் பெயரைத் தூக்கியெறிந்துவிட்டு வேறொன்றைத் தேடவில்லை. அதே பெயரை வேறு மொழியில் சொன்னார், பொருள் மாறவில்லை.

நாம் இன்று சொல்லும் அமதேயுஸ் என்ற வடிவத்தை அவர் வேடிக்கையாகத்தான் பயன்படுத்தினார். கடிதங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் இலத்தீன் வால் ஒட்டி, மோட்சார்ட்டுஸ் என்று தம் குடும்பப் பெயரையும் கேலி செய்து எழுதுவார். சில நேரம் பெயரைத் திருப்பிப் போட்டு டிராசோம் என்றும் கையெழுத்திடுவார். அவர் இறந்த பிறகு பதிப்பாளர்களும் வரலாற்று ஆசிரியர்களும் அந்த இலத்தீன் வடிவத்தை நிலைநிறுத்தினார்கள். 1984-இல் வந்த அமதேயுஸ் திரைப்படத்துக்குப் பிறகு அதை யாரும் மாற்ற முடியாது.

1781-இல் பேராயரின் வேலையை விட்டுவிட்டு வியன்னாவில் தனியாக வாழத் தொடங்கினார். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று நடந்த ஒன்றை அவரே வீட்டுக்கு எழுதியிருக்கிறார். அது புனித வொல்ஃப்காங்கின் திருநாள். அக்காலக் கத்தோலிக்கருக்குப் பிறந்த நாளைவிடப் பெயர்கொண்ட புனிதரின் திருநாளே பெரிது. இரவு பதினொரு மணிக்கு ஆடையைக் களைந்து படுக்கப் போகும் நேரம். வீட்டு முற்றத்தில் ஆறு பேர் வந்து நின்றார்கள். கிளாரினெட் இரண்டு, ஹார்ன் இரண்டு, பசூன் இரண்டு. அவர் இரண்டு வாரங்களுக்கு முன்பு எழுதிய இசையையே அவருக்கு வாசித்து வாழ்த்தினார்கள். பணக்காரர்கள் அல்லர், கூலிக்கு வாசிக்கும் எளிய கலைஞர்கள். பிறந்த ஊரும் தகப்பனும் தூரமாகிப்போன ஆண்டில், பெயர்விழாவை நினைவு வைத்திருந்தவர்கள் அவர்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் கான்ஸ்டன்ஸ் வெபரை மணந்தார். தந்தையின் சம்மதக் கடிதம் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் பெயர் வொல்ஃப்காங் ஆதாம் மோட்சார்ட் என்று இருப்பது ஒரு வேடிக்கை. எழுதியவர் காதில் அமதே அப்படி விழுந்ததா, புதுமணமகன் தாமே முதல் மனிதனின் பெயரைச் சொல்லி விளையாடினாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். 1783-இன் தொடக்கத்தில் கான்ஸ்டன்ஸ் கருவுற்றிருந்தார். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே மனத்தாங்கல் தீரவில்லை. மருமகளை மாமனார் இன்னும் பார்க்கவேயில்லை. வருகிறோம் வருகிறோம் என்று சால்ஸ்பர்க் பயணம் தள்ளிக்கொண்டே போயிற்று. இந்நிலையில் மகன் கையில் இருந்த நல்ல சமாதானக் கொடை ஒரு பெயர்தான். பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையே ஞானத்தந்தை ஆக வேண்டும், ஆணானால் லியோபோல்ட், பெண்ணானால் லியோபோல்டினா என்பது அவர் எண்ணம். அதைத் தந்தைக்கும் எழுதினார்.

ஜூன் 17 காலை ஆறரை மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகிழ்ச்சியில் அவர் உடனே செய்தி சொல்லி அனுப்பியவர்களுள் ரைமுண்ட் வெட்ஸ்லர் என்ற பிரபுவும் ஒருவர். யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவர். மோட்சார்ட் தம்பதியர் சில மாதங்கள் அவர் வீட்டில் குடியிருந்தார்கள். அந்த அறைகள் வேறொருவருக்குத் தேவைப்பட்டபோது, இருந்த மூன்று மாதத்துக்கும் வாடகை வேண்டாம் என்று சொல்லி, வீடு மாற்றும் செலவையும் தாமே கொடுத்தவர். அப்படிப்பட்ட நண்பர் செய்தி கேட்டதும் தாமே நேரில் ஓடிவந்தார். குழந்தைக்கு நானே ஞானத்தந்தை என்று முன்வந்தார். மறுக்க வாய் வரவில்லை. போகட்டும், லியோபோல்ட் என்று பெயரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று மோட்சார்ட் மனத்துக்குள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வந்தவர் குழந்தையை முத்தமிட்டு, குட்டி ரைமுண்ட் பிறந்துவிட்டான் என்று பூரித்துப்போனார்.

என்ன செய்வது? பிள்ளைக்கு ரைமுண்ட் லியோபோல்ட் என்று பெயர் சூட்டப்பட்டது. தாத்தா இரண்டாவது இடத்துக்குப் போனார்.

மறுநாளே தந்தைக்கு மோட்சார்ட் எழுதிய கடிதத்தைப் படிப்பவர்களுக்கு அவருடைய சங்கடம் தெரியும். தாத்தா ஆகிவிட்டீர்கள் என்று வாழ்த்தித் தொடங்கி, நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். இந்த விஷயத்தில் தந்தை முன்பே தம் கருத்தை எழுதி அனுப்பியிருந்ததால்தான் மனம் ஆறுகிறது, இல்லாவிட்டால் அந்த நண்பரை மறுத்திருக்கவும் கூடும் என்கிறார். எப்படியானாலும் பிள்ளையின் பெயரில் லியோபோல்டும் இருக்கிறதல்லவா என்று சேர்த்துக்கொள்கிறார். லியோபோல்ட் கண்டிப்பானவர் என்று எழுதாதவர்கள் இல்லை. ஆனால் இந்த ஒன்றில் அவர் முன்கூட்டியே மகனுக்கு வழிவிட்டிருக்கிறார் என்பதை அந்தக் கடிதமே காட்டுகிறது. பெயர் விஷயத்தில் பெரியவர்கள் இப்படி ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லிவிட்டால் இளையவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

நண்பரின் பக்கமும் நியாயம் உண்டு. அக்காலத்தில் ஞானத்தந்தையின் பெயரைக் குழந்தைக்கு வைப்பது வழக்கமான மரியாதை. மோட்சார்ட்டின் சொந்தப் பெயரிலேயே பெர்க்மையர் இருக்கிறாரே. வாடகை வாங்காத மனிதருக்கு, மதம் மாறி வந்து உயர்குடி வட்டாரத்தில் தம் இடத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, ஓர் ஏழை இசைக்காரரின் பிள்ளை தம் பெயரைச் சுமப்பது சிறிய மகிழ்ச்சியாக இருந்திருக்காது.

பெயரைப் போலவே பாலும் அந்த வீட்டில் வாக்குவாதத்துக்கு உள்ளானது. தம்மையும் அக்காவையும் வளர்த்ததுபோலப் பிள்ளையைத் தண்ணீர் கொடுத்தே வளர்க்கலாம் என்றார் மோட்சார்ட். அன்று அப்படி ஒரு பழக்கம் இருந்தது. மாமியாரும் மற்றவர்களும் பயமுறுத்தியபின் ஒரு செவிலித்தாய்க்கு ஒத்துக்கொண்டார்.

ஜூலை இறுதியில் கணவனும் மனைவியும் சால்ஸ்பர்க்குக்குப் புறப்பட்டார்கள். குழந்தையைத் தூக்கிச் செல்லவில்லை. ஆறு வாரப் பிள்ளை, நாள்கணக்கில் குலுங்கும் வண்டி, விட்டுச் சென்றதில் தவறு சொல்ல முடியாது. செவிலியிடம் விட்டார்கள். அங்கே மூன்று மாதம் தங்கினார்கள். மணமாவதற்கு முன்பே நேர்ந்துகொண்டிருந்த ஒரு திருப்பலி இசையை முழுதாக முடிக்காவிட்டாலும், அக்டோபர் 26 அன்று புனித பேதுரு துறவு மடத்து ஆலயத்தில் அதை நிறைவேற்றினார். கான்ஸ்டன்ஸே அதில் பாடியதாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டு ஒலித்த நாளில் ரைமுண்ட் லியோபோல்ட் உயிரோடு இல்லை. ஆகஸ்ட் 19 அன்று வியன்னாவில் வயிற்று வலிப்பால் அவன் இறந்துபோயிருந்தான். இரண்டு மாதமும் இரண்டு நாளும் வாழ்ந்தான். பெயரில் தாத்தாவைச் சுமந்த அந்தப் பேரனைத் தாத்தா ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

டிசம்பரில் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கொழுகொழு என்றிருந்த அந்தப் பிள்ளைக்காக இருவரும் வருந்துவதை ஒரே வரியில் சொல்லி நிறுத்துகிறார். அதற்குமேல் அவர் எழுதவில்லை.

பிறகும் அந்த வீட்டில் பெயர்கள் சூட்டப்பட்டன. 1784 செப்டம்பர் 21-இல் பிறந்தவன் கார்ல் தாமஸ். தாமஸ் என்பது ஞானத்தந்தையான அச்சக உரிமையாளர் யோஹான் தாமஸ் டிராட்னரிடமிருந்து வந்தது. 1786 அக்டோபர் 18-இல் இன்னொரு ஆண் பிள்ளை. இவனுக்கு யோஹான் தாமஸ் லியோபோல்ட் என்று பெயர். ஞானத்தந்தையின் பெயர் முன்னால், தாத்தாவின் பெயர் கடைசியில். மூன்று வருடம் கழித்து மகன் மறுபடியும் முயன்றிருக்கிறார் என்றுதான் நாம் இதைப் படிக்கிறோம். அந்தக் குழந்தை நவம்பர் 15 அன்று இறந்தது. ஆஸ்திரிய நாட்டார் புனித லியோபோல்டின் திருநாளைக் கொண்டாடும் நாள் அது.

முதியவர் லியோபோல்டுக்குத் தம் பெயரை முதற்பெயராகக் கொண்ட பேரன் கிடைக்காமல் போகவில்லை. கிடைத்தது மகள் வழியில். நன்னர்லுக்கு 1785 ஜூலை 27-இல் பிறந்த மகனுக்கு லியோபோல்ட் அலோய்ஸ் பந்தலேயோன் என்று பெயர் வைத்தார்கள். ஜூலை 27 புனித பந்தலேயோனின் திருநாள் என்பதை நம் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அந்தப் பேரனைத் தாத்தா தம்மோடு சால்ஸ்பர்க்கிலேயே வைத்து வளர்த்தார். அதே சமயம், இங்கிலாந்து போய்வர விரும்பிய மோட்சார்ட் தம் பிள்ளைகளைச் சில காலம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார். 1787 மே 28 அன்று இறக்கும்வரை குட்டி லியோபோல்ட் அவருடன்தான் இருந்தான்.

அடுத்து வந்த இரண்டு பெண் குழந்தைகளும் நிலைக்கவில்லை. 1791-இல் கான்ஸ்டன்ஸ் ஆறாவது முறையாகக் கருவுற்று, உடல்நலத்துக்காக வியன்னாவை அடுத்த பாடன் என்னும் ஊரில் தங்கியிருந்தார். அந்த ஊர் ஆலயப் பாடகர் குழுத் தலைவர் ஆண்டன் ஸ்டோல் என்ற நண்பருக்காக, ஆண்டவருடைய திருவுடல் விழாவை முன்னிட்டு மோட்சார்ட் 46 அளவுகளே கொண்ட ஒரு சிறு பாடலை அமைத்தார். அதுதான் ஆவே வேரும் கோர்ப்புஸ். உலகெங்கும் நற்கருணை ஆராதனைகளில் இன்றும் பாடப்படுகிறது. கையெழுத்துப் படியில் அவர் இட்ட நாள் ஜூன் 17. ரைமுண்ட் பிறந்து அன்றோடு சரியாக எட்டு ஆண்டுகள். அதை நினைத்தாரா என்று நாம் சொல்ல முடியாது. பெற்ற மனம் தேதிகளை மறக்காது என்பது மட்டும் தெரியும்.

ஜூலை 26-இல் பிறந்த கடைசி மகனுக்கு ஃபிரான்ஸ் சேவர் வொல்ஃப்காங் என்று பெயர். ஃபிரான்ஸ் சேவர் என்றால் வேறு யாருமில்லை, 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே புனித பிரான்சிஸ் சவேரியார்தான். நம் கடற்கரை ஊர்களில் தெருவுக்கு நாலு சவேரியார் இருப்பதுபோல அன்று ஆஸ்திரிய ஊர்களிலும் ஃபிரான்ஸ் சேவர்கள் நிறைய உண்டு. இந்த முறை தகப்பனின் பெயர் கடைசி இடத்தில் அமைதியாக நின்றது. தகப்பன் அந்தப் பிள்ளையோடு நான்கு மாதமே வாழ்ந்தார். சவேரியார் திருநாளுக்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 5 அன்று, இறந்தோருக்கான திருப்பலி இசையை முடிக்காமலேயே, 35-ஆம் வயதில் காலமானார்.

பெயரின் கதை அதோடு முடியவில்லை. கான்ஸ்டன்ஸ் கடைசி மகனைத் தகப்பனைப் போலவே இசைக்காரனாக்க விரும்பினார். சவேரியார் பெயரை ஓரம் கட்டி, வொல்ஃப்காங் அமதேயுஸ் என்று தகப்பன் பெயரையே முழுதாகச் சூட்டிவிட்டார். அவர் வெளியிட்ட இசைத்தாள்களில் டபிள்யூ. ஏ. மோட்சார்ட், மகன் என்று அச்சாயிற்று. தாயின் அன்பை நாம் குறை சொல்லத் துணியமாட்டோம். ஆனாலும் இது பிள்ளையின் தோளில் வைத்த பாரம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. திருமுழுக்கில் கிடைத்த பெயரில் தகப்பனுக்கு ஓர் இடம் இருந்தது, பிள்ளைக்கும் ஓர் இடம் இருந்தது. மாற்றிய பெயரில் பிள்ளைக்கு இடமே இல்லை. அவர் நல்ல பியானோ கலைஞர். இன்றைய உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில் ஆண்டுக்கணக்கில் கற்பித்து வாழ்ந்தார். எங்கு போனாலும் கேட்டவர்கள் தகப்பனோடு ஒப்பிட்டார்கள். 1844-இல் கார்ல்ஸ்பாட் நகரில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில், தந்தையின் பெயரே இவருக்கு நினைவெழுத்தாகட்டும் என்ற கருத்தைப் பொறித்து வைத்தார்கள்.

அண்ணன் கார்ல் தாமஸ் வேறுவிதமாக வாழ்ந்தார். இசை கற்றார், ஆனால் அதைத் தொழிலாகக் கொள்ளவில்லை. மிலானில் ஆஸ்திரிய நிர்வாகத்தின்கீழ் அரசு அலுவலராக இருந்தார். யாரும் அவர் பெயரை மாற்றவில்லை. ஞானத்தந்தை தந்த தாமஸ் கடைசிவரை கூடவே இருந்தது. 1842 செப்டம்பரில் சால்ஸ்பர்க்கில் தந்தைக்குச் சிலை திறந்தபோது சகோதரர் இருவரும் வந்திருந்தார்கள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. கார்ல் 1858-இல் மிலானில் 74-ஆம் வயதில் இறந்தார். அன்று அக்டோபர் 31, புனித வொல்ஃப்காங் திருநாள்.